கிரேன்காரரின் கழுத்து

வேலைக்குப் போகிற வழியில் கிரேன்காரர் வந்து நின்றபோது மணி ஏழுகூட ஆகவில்லை. கடைகளுக்கு மேலே, மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் நாலு நாற்காலி; உள்ளறையில் முகம் வைக்க ஓட்டை விட்ட நீளக் கட்டில். பதினோரு வருடமாக அங்கே அவள், முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் திருப்பிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை செய்துவந்தாள். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் தெருவே அவளை முதுகம்மா என்றுதான் கூப்பிடும்.

மூன்று நாளாகக் கழுத்தின் வலப்பக்கம் குத்துகிறது, பின்மண்டை வரைக்கும் ஏறுகிறது, இப்படியொரு வலி இதுவரை வந்ததே இல்லை என்றார் அவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கக் குனிந்து கீழே பார்க்கிற வேலை. கழுத்து வலிக்காமல் என்ன செய்யும் என்று அவள் நினைத்தாள். விழுந்தீர்களா, எங்காவது இடித்துக்கொண்டீர்களா என்று வழக்கமான இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் தலையைக் கைகளில் ஏந்தினாள். வலப்பக்கம் வெடுக்கென்று ஒரு திருப்பு, இடப்பக்கம் ஒரு திருப்பு. இரண்டு பக்கமும் சொடக்கு விழுந்தது.

எழுந்தவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

"ரூமு லேசா ஒரு சுத்து சுத்துச்சு. இப்பப் பரவால்ல."

சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் அரை டம்ளர் குடித்தார், நோட்டில் கையெழுத்துப் போட்டார், படியிறங்கிப் போனார்.

அடுத்து வந்த தையற்காரம்மாவுக்கு இடுப்புவலி. அவருடைய பெயரை எழுத நோட்டை இழுத்தபோதுதான் முதுகம்மா அதைப் பார்த்தாள். கிரேன்காரர் எப்போதும் கட்டத்துக்குள் கச்சிதமாகக் கையெழுத்துப் போடுகிறவர். இன்றைய கையெழுத்து கோட்டைத் தாண்டிச் சரிந்து அடுத்த கட்டத்தில் போய் விழுந்திருந்தது. அவசரமாகப் போட்டிருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தையற்காரம்மாவின் முதுகில் கை வைத்தாள். கை ஓடவில்லை. எந்த எலும்பைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்று இரண்டு தடவை தடுமாறினாள். கடைசியில், நாளைக்கு வாங்க என்று அந்தம்மாவை அனுப்பிவிட்டுக் கிரேன்காரரின் நம்பரை அழுத்தினாள். போன் அணைந்திருந்தது. கூண்டில் ஏறும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் விதி, அவரே சொல்லியிருக்கிறார்.

ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தக் கழுத்து வேலை மட்டும் வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். முழுசையும் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது இதுதான்.

"புதுசா வந்த வலின்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"சொல்லியும் திருப்பினியா?"

முதுகம்மா ஒரு கையால் சாவியைத் தேடினாள்.

"சரி, அத அப்புறம் பேசிக்கலாம். மூளைக்குப் போற ரத்தக் குழாயில கிழிசல் இருந்தா அப்படித்தான் வலிக்கும். அந்த மனுஷன மேல ஏற விடாத. போ."

அவர் வேலை செய்யும் இடம் வாடகை வண்டியில் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. கட்டட வேலை நடக்கிற இடத்துக்குள் வாட்ச்மேன் விடமாட்டேன் என்றார். சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் வந்தார். அண்ணாந்து பார்த்தால் கிரேனின் கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி.

அவரை இறக்குங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொந்தக்காரி என்று ஒரு பொய் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"காலைல நான்தான் அவரு கழுத்தத் திருப்பி விட்டேன். அதுல ஏதாவது ஆகியிருக்குமோன்னு பயமா இருக்கு."

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார். மேலேயிருந்து பதில் வந்தது. எனக்கொன்றுமில்லை என்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளவே நேரம் பிடித்தது. நாக்கு அவ்வளவு தடித்திருந்தது. குடித்திருக்கிறாயா என்று சூப்பர்வைசர் அதட்டினார். அவர் குடிக்கவில்லை என்றாள் முதுகம்மா.

கீழே நின்றவர்களையெல்லாம் விலக்கினார்கள். கம்பிக்கட்டு ஆடி ஆடி, கோணலாகத்தான் என்றாலும், தரைக்கு வந்து சேர்ந்தது. கிரேன்காரரால் ஏணியில் கால் வைக்க முடியவில்லை. இரண்டு பேர் மேலே ஏறி, இடுப்பிலும் தோளிலும் பட்டை போட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. வழியை மறிக்கிறீர்கள் என்று மூன்று பேர் திட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தின் பின்பக்கத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது. சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர். இது தன்னால் வந்ததா என்று அவள் கேட்டாள். முதலிலேயே கிழிந்திருந்து, அதனால்தான் வலியே வந்திருக்கலாம், திருப்பியதில் கிழிந்திருக்கலாம், இருந்த கிழிசல் பெரிதாகியிருக்கலாம். இப்படி ஆவது அபூர்வம், ஆனால் ஆகிறது. எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அவள் எங்காவது உட்கார்ந்திருப்பாள்; இப்போது வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள்.

கிரேன்காரரின் மனைவி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். முதுகம்மா அவளிடமும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் குனிந்து, மாறிக் கிடந்த செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இப்ப நான் உங்களக் கும்புடுறதா, அடிக்கிறதா?"



கிரேன்காரர் பிழைத்துக்கொண்டார். பேச்சு இரண்டு வாரத்தில் தெளிந்தது. நடை மட்டும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. இனி உயரத்தில் ஏறக்கூடாது என்றார்கள்; கம்பெனி அவரைச் சாமான் அறையில் போட்டது. முதுகம்மா ஒரு மாதம் மாடியைப் பூட்டி வைத்தாள். திறந்த பிறகு கழுத்தைத் திருப்புவதை அடியோடு விட்டுவிட்டாள். வருகிற ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்டாள். வலி புதுசா, தலை சுற்றுகிறதா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா, விழுங்கச் சிரமமாக இருக்கிறதா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சொடக்கு விழவில்லையே என்று முகம் சுளித்துச் சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

ஏழாவது மாதம் ஒரு மத்தியானம் கிரேன்காரர் படியேறி வந்தார். மனைவிக்குத் தெரியாது என்றார். நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

"கழுத்துப் பக்கம் போகாதீங்க. இடுப்ப மட்டும் பாருங்க."

அவள் கையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். அவர் கட்டிலில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார்.

"என்னால முடியலங்க" என்றாள்.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கோபமில்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து, அப்படியென்றால் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார். முழங்காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவருவது எப்படியென்று அவள் தரையில் பாய் விரித்துத் தானே செய்து காட்டினாள். இதற்கா இத்தனை படி ஏறி வந்தேன் என்று முனகியபடியே அவர் பக்கத்தில் படுத்துச் செய்யத் தொடங்கினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தலை சுற்றுகிறதா என்று அவர் கண்களையே பார்த்தபடி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.