தனியாகச் சாப்பிட்டவள்

புருஷன் வீட்டை விட்டு வந்த இரண்டாம் வருஷம், 2004இல், அம்பிகாவின் பேரில் அரியலூர் கோர்ட்டில் ஒரு மனு விழுந்தது. போட்டவன் புருஷன் திருமுருகன். மனைவி தன்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று கேட்டிருந்தான். அம்பிகா தன் வக்கீலிடம் நீட்டி முழக்கவில்லை.

"மாட்டேன்னு எழுதுங்க சார்."

முதல் இரண்டு வாய்தாவுக்கு அப்பா நடராசன் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கூடவே வந்தார். மூன்றாவதற்கு முந்திரிக்காட்டில் வேலை கிடக்கிறது என்றார். வேலை ஒன்றும் இல்லை. மகளோடு கோர்ட் வாசலில் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்பிகா அவரை வற்புறுத்தாமல் தனியாகப் பஸ் ஏறினாள்.

அன்றும் டவாலி பேரைக் கூப்பிட்டான், ஜட்ஜ் அடுத்த தேதி கொடுத்தார், முடிந்தது. காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவளுக்கு ஒரு மணி வெயிலில் கண்ணை இருட்டியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு மாடிப்படி. மேலே சிவப்புப் போர்டில் வாய் பிளந்த டிராகன். ஊருக்குப் புதிதாக வந்திருந்த சைனீஸ் ரெஸ்டாரண்ட். விறுவிறுவென்று ஏறிவிட்டாள்.

சர்வர் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று படியை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேருங்க?"

"நான் ஒருத்திதான்."

"லேடீஸ்னா ஃபேமிலி ரூம் இருக்குங்க. திரை போட்டிருக்கு. உள்ள ஒக்காந்துக்குங்க."

"ஒருத்தி எப்படிங்க ஃபேமிலி ஆவேன்? காத்து வர்ற எடமா ஒக்காந்துக்கறேன்."

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். மெனு கார்டில் பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. தெரிந்த பெயராக வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸ் சொன்னாள். ஆவி பறக்க வந்தது. கூடவே குட்டிக் கிண்ணத்தில் வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். சுற்றிலும் இருந்த ஆண்கள் தங்கள் தட்டை விட்டுவிட்டு அவள் தட்டைப் பார்த்தார்கள். முதல் வாய் நாக்கைச் சுட்டது. ஊதிக்கூடப் பார்க்காமல் அடுத்த வாய் எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு வாய்தா நாளெல்லாம் அங்கேதான் சாப்பாடு. ஆறாவது வாய்தா அன்று நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டிருந்தபோது திருமுருகனும் அவன் மச்சான் கொளஞ்சியும் படியேறி வந்தார்கள். அவளைக் கண்டதும் திருமுருகன் அப்படியே நின்றுவிட்டான். சர்வருக்கு ஏதோ புரிந்தது. அம்பிகாவிடம் ஓடிவந்து, "அம்மா, நீங்க வேணா உள்ள…" என்று இழுத்தார்.

"நான் எதுக்கு எந்திரிக்கணும்? பாதி சாப்பாட்டுல இருக்கேன்."

திரும்பிப் போனால் தோற்றதாகிவிடும், எதிரே உட்காரவும் முடியாது. கடைசியில் அந்த இருவரும்தான் திரையை விலக்கி உள்ளே போனார்கள். அம்பிகா அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்து, கைகழுவி இறங்கினாள்.

அடுத்த மாதம் குறுக்கு விசாரணை. பெரிய விசாரணை என்பதால் அம்மா பச்சையம்மாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திருமுருகனின் வக்கீல் கவுனைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கோர்ட்டுக்கு வர்ற நாளெல்லாம் சைனீஸ் ஓட்டலுக்குப் போவீங்களாமே?"

"ஆமாங்க."

"யார்கூட?"

"தனியாங்க."

"கல்யாணமான பொண்ணு, மாடி ஓட்டல்ல, ஆம்பளைங்க நடுவுல, தனியா. யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நூடுல்ஸுக்காகங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலின் முகம் சிவந்தது.

"கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்!"

"ஒழுங்காத்தாங்க சொல்றேன். சந்தேகம்னா உங்க கட்சிக்காரரையே கேளுங்க, அவரும் அன்னைக்கு அங்கதான் இருந்தாரு. நான் நாலு பேரு பாக்க வெளியில ஒக்காந்து சாப்பிட்டேன். அவருதான் திரைக்குப் பின்னால சாப்பிட்டாரு."

இந்த முறை சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"வக்கீல் கேட்டதை விடும்மா. அந்த வூட்டுக்கு ஏன் போக மாட்டேங்கறே?"

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க ஏழு பேருங்கய்யா. ஏழு பேருக்கும் நான்தான் ஆக்குவேன். எல்லாரும் சாப்பிட்ட பின்னால சட்டில ஒட்டுனத வழிச்சுத் திங்கணும். உப்பு கூடிப்போச்சுன்னா அதுவும் கெடையாது, அடிதான். மூணு வருசம் சூடா ஒரு வாய் சோறு தின்னதில்லீங்க. நான் உக்காந்திருக்க, ஒருத்தர் தட்டைக் கொண்டாந்து எனக்கு முன்னால வெச்சது அந்த ஓட்டல்லதான். அது தப்புன்னா, அடுத்த வாய்தாவுக்கும் அந்தத் தப்பைச் செய்வேன்."

திருமுருகனின் வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் பச்சையம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள்.

"இதையெல்லாம் ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேம்மா. எல்லா வூட்லயும் அப்படித்தான்டின்னு சொன்ன."

பச்சையம்மாள் பிடித்த கையை விடவில்லை. வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

நான்கு மாதம் கழித்துத் திருமுருகனின் மனு தள்ளுபடியானது. அந்த வாரமே அம்பிகா விவாகரத்து கேட்டு மனு எழுதச் சொன்னாள். நடராசனுக்குத் தலையே சுற்றிவிட்டது.

"ஜெயிச்சாச்சுல்ல, இத்தோட வுடேன். மறுபடியும் கோர்ட்டு வாசலா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். அவன் பொண்டாட்டிங்கற பேரு எனக்கு வேணாம்பா."

"நான் வர மாட்டேன்."

அடுப்படியிலிருந்து பச்சையம்மாள் வெளியே வந்தாள். முப்பது வருஷத்தில் புருஷன் பேச்சுக்குக் குறுக்கே பேசாதவள்.

"நீங்க வர வேணாம். ஊட்ல இருங்க. சோறு ஆக்கத் தெரியலன்னா கத்துக்கங்க. எத்தன வாய்தா ஆனாலும் நான் போறேன் அவகூட."

சொன்னபடி, அடுத்த திங்கட்கிழமை அரியலூர் பஸ்ஸில் அவள்தான் முதலில் ஏறினாள். பக்கத்து சீட்டில் பையைப் போட்டு மகளுக்கு இடம் பிடித்தாள்.