பனிப்பாதை இருக்கும் மாதம்

சோதனைக்கு மண் எடுக்கும் ஆள் மார்ச் இரண்டாம் வாரம் வந்தபோது, ஃபாயினா ரோச்செவா அடுப்பருகே ஒரு பேசினில் கிணற்றடி மண்ணை இளகவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கல்லாய் உறைந்த மண். அவள் கணவன் புரோக்கோப் காலை முழுக்கக் கடப்பாரையால் இடித்து, முழ ஆழத்திலிருந்து பெயர்த்துத் தந்தது.

மேட்டில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து ஐந்து வருடமாயிற்று. குழாய்க்காரர்கள் வந்து மேல்மண்ணை வாரிவிட்டு ஆற்றுமணலைக் கொட்டினார்கள். மிச்சத்தைக் குளிர் பிடித்து நிறுத்திவிடும் என்று ஊரே நம்பியது. உறைந்த மண் சுவர் மாதிரி என்று முதலில் சொன்னவளே ஃபாயினாதான். ஆனால் மண் உறைந்து வெடிப்புவிட்ட ஒவ்வொரு குளிர்காலமும் எண்ணெய்க்கு ஒரு புது வழி கிடைத்தது. ஒவ்வொரு இளகலிலும் அந்த வழியே அது நகர்ந்தது. கசிந்த மூன்றாம் வருடம் ஜூனில் கிணற்றைத் தொட்டுவிட்டது. முதலில் கண்டுபிடித்தது பசு. வாளியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

கிணறு கெட்டதென்று சோதனைக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தால் குழாய்க்கும் மேலே வேறு கிணறு தோண்டித் தருவார்கள். வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்தில் மகனுடைய ஒற்றை அறைக்குப் போகவேண்டியதுதான். சதுப்பின்மேல் வண்டிப்பாதை இருப்பதோ பனிக்காலத்தில் மட்டும். ஆள் வரும் மாதத்தில் கிணற்றில் ஊற்று உறைந்து நின்றுபோயிருக்கும். அவனுடைய துளைக்கருவி ஒரு சாணுக்கு மேல் இறங்காது. அந்த ஒரு சாணும் கொட்டிய புது மணல். போன இரண்டு வருடமும் தாளில் ‘தூய்மை’ என்றுதான் வந்தது.

“வாசன வருதே அத்தை,” என்றான் மண் எடுக்க வந்த கென்னாதி, கதவைச் சாத்திக்கொண்டே.

“வருதுல்ல? அப்பாடா, மூக்கு வேல செய்யுது. எழுதிக்க,” என்றாள் ஃபாயினா.

பேசினில் மண் குழைந்து நீர் தெளிந்திருந்தது. நீரின்மேல் ஈயின் சிறகுபோல மினுங்கும் படலம்.

“அடுப்புல இளக்குன மண்ண கொண்டுபோனா மூஞ்சில வீசுவாங்க. யாரோ தோண்டுன குழியும் ஆகாது. நானே துளை போட்டு, அந்த எடத்துலயே சீல் வெக்கணும்.”

“அப்ப ஜூன்ல வா.”

“எதுல வர? நீந்தியா?”

“வாத்துங்களோட வா தம்பி, அதுங்களுக்கு வழி தெரியும்,” என்றான் புரோக்கோப்.

கென்னாதி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினையே பார்த்தான். “கிணறு கெட்டது எனக்குப் போன வருஷமே தெரியும் அத்தை,” என்றான்.

அவன் வெளியே போனான். கருவி ஒரு சாண் இறங்கிக் கிறீச்சிட்டு நின்றது. இருட்டுமுன் சதுப்பைத் தாண்டவேண்டும் என்று தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

ஃபாயினா பேசினைத் தூக்கிக்கொண்டு கொட்டப் போனாள். கிணற்றுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துத் திரும்பினாள். உருளைக்கிழங்குப் பாத்தி, பசுக்கொட்டில், வேலியோரம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அவளுடைய மண்தான்.

வாசற்படியிலேயே வைத்துவிட்டு நின்றாள். சற்று நேரத்தில் விளிம்பைச் சுற்றி நீர் கண்ணாடியாய் இறுகத் தொடங்கியது. அந்தக் கண்ணாடியில் எண்ணெய்க்கு இடமில்லை. வளையம் உள்ளே வர வர, அது விலகி விலகி நடுவுக்குப் போனது. கடைசியில் ஒரு பொத்தான் அளவு கருப்பு, உறையாமல், காற்றுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.