இதோ வந்துட்டேன்

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் பொத்தான். விடுப்பு விண்ணப்பக் கணினித் திரைகளுக்குப் பொத்தான் வைப்பது பிழைப்பு. வீட்டுக்கு வந்ததும் யாரும் கேட்காத பொத்தான்களை வைப்பது அவனுடைய கலைத்தொண்டு. அமுக்கப் போனால் நழுவி ஓடும் பொத்தானுக்கு ஓர் இணையப் பக்கம். கொட்டாவி விட்டால் மதிப்பெண் போட இன்னொன்று. இவையெல்லாம் இல்லாமல் உலகம் இத்தனை காலம் எப்படித்தான் ஓடியதோ.

அவற்றில் ஒன்று சக்கைப்போடு போட்டது. பெயர் 'உள்ளர்த்தம்'. வீட்டில் யாராவது சொன்னதை அதில் தட்டினால் உண்மையான பொருளைச் சொல்லும். 'ஒண்ணுமில்ல' என்றால், 'நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டு உட்கார்ந்து கேள்'. 'உங்க இஷ்டம்' என்றால், 'என் இஷ்டம்'. மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று மேலாளரே மெச்சினார். வாக்கியங்கள் எல்லாம் நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி வாயிலிருந்து விழுந்தவை. அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று யோசிக்கத்தான் அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

அந்த வாரம் அவளுக்கு வேறு ஊர் மருத்துவமனையில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. இருவரும் போவதா, அவள் மட்டுமா, போகவே வேண்டாமா என்று பேசி, சனிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தினமும் சமையலறையிலிருந்து, "கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள். தினமும் அறையிலிருந்து, "இதோ வந்துட்டேன்" என்றான். குறட்டைக்கும் மதிப்பெண் போடும் அவசர வேலை இருந்தது.

சனிக்கிழமை மாலை தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். அவள் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

அந்தச் சொல்லுக்கு உலகத்துக்கே பொருள் சொன்ன மேதை, "அப்ப சரி" என்று மடக்மடக்கென்று தண்ணீரைக் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்தபோதுதான் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பெட்டி கண்ணில் பட்டது.

"பேசிட்டு முடிவு பண்ணலாம்னுதானே சொன்னே?"

"வாரம் பூரா கூப்பிட்டேன். நீங்க சொன்னதுக்கு என்னதான் அர்த்தம்னு உங்க 'உள்ளர்த்தம்' பக்கத்துலயே போட்டுப் பார்த்தேன்." கைப்பேசியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

'இதோ வந்துட்டேன்' என்பதற்குக் கீழே, அகராதியில் இல்லாத சொற்களுக்காக அவனே எழுதிவைத்த வரி இருந்தது: 'மன்னிக்கவும். இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.'

அவள் பேச்சு மொத்தத்தையும் அதில் அள்ளிப் போட்டிருந்தான். தன் வாயிலிருந்து வருவதில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"சேர்றேன்னு சொல்லிட்டேன். காலையில கிளம்பறேன்" என்றாள்.

"நானும் சீக்கிரமே அங்க வந்துடறேன்."

அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அதையும் போட்டுப் பார்த்துட்டேன்."