வியாகுலத்தின் முகம் தெரிந்த கிணறு

1966ஆம் ஆண்டு கோடையில், அதியமான்கோட்டைக்குக் கிழக்கே ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான கிணற்றை யார் எட்டிப் பார்த்தாலும் பங்காளிகளில் ஒருவரான வியாகுலத்தின் முகமே தெரிந்தது. முந்தின வாரம்தான் மோட்டாருக்குக் கரண்ட் வந்திருந்தது. ஐந்து பேர் பெயரில் இணைப்புத் தர வழியில்லை, பொறுப்பாக ஒரு பெயர் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். யாரையும் அதட்டத் தெரியாதவர் என்பதால் வியாகுலத்தின் பெயரைக் கொடுத்தார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுவரை அந்தக் கிணற்றுக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. பாய்ச்சி முடித்தவர் அடுத்த வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வருவார், அவ்வளவுதான் சட்டம்.

முகம் தெரிந்த பிறகு எல்லோரும் அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பில் ஏறியது. யாருக்கு எப்போது தண்ணீர், வரப்பை உடைத்தது யார் என்ற வழக்கெல்லாம் அவர் வாசலுக்கு வந்தது. பக்கத்து நிலத்துக்காரன் மாது கிணற்றைப் பார்த்துக் கும்பிட்டு, "மொதலாளி, மடை தொறக்கலாமுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பான். ராத்திரியிலும் ஆள் வந்து எழுப்பியதில் வியாகுலம் நின்றுகொண்டே தூங்கப் பழகினார். முகம் போகட்டும் என்று மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தண்ணீரில் இருந்த முகம் கண்ணை மூடித் திறந்தது, போகவில்லை.

1972இல் மழை இல்லை. கடைசி நிலத்துக்காரி மிக்கேலம்மாள், கணவனை இழந்தவள். அவளுடைய ராகி நாற்று மஞ்சளாகச் சாய்ந்தது. அது போனால் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் களி இல்லை. அவள் கிணற்றடிக்கு வந்து, உள்ளே பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்காமல் திரும்பினாள். வியாகுலம் பின்னாலேயே போனார்.

"ஏந்தாயி, கேட்டா குடுக்கமாட்டனா?"

"குடுப்பீங்கண்ணா. கேக்கறதுக்குத்தான் வாய் வரலை. இந்தக் கெணறு வெட்டறப்ப என் வூட்டுக்காரரும் மண்ணு சொமந்தாருங்க."

வியாகுல மாதாவிடம் மன்றாடக்கூட அவருக்கு அன்று தெம்பில்லை. சாவியை மோட்டார் ரூமுக்கு வெளியே ஆணியில் மாட்டினார். தன் சோளத்துக்குப் போன தண்ணீரை அவள் வயலுக்குத் திருப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார்.

மறுநாள் தன் நிலத்துக்குத் தண்ணீர் திருப்ப வந்த மாது, வழக்கம்போலக் கும்பிடக் குனிந்தான். உள்ளே மிக்கேலம்மாளின் முகம் இருந்தது.

"அந்தக்காவுக்கு இன்னும் ஈரம் பத்தலையாட்டம் இருக்குது" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான்.

அன்றுமுதல் கிணறு, அடுத்துத் தண்ணீர் வேண்டியவரின் முகத்தையே காட்டியது. அலுவலகத்தில் பெயர் மாறவில்லை. சாவியும் பழையபடி யார் இடுப்புக்கும் போகவில்லை.

1976இல் புதிதாக வந்த லைன்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "கெணத்துக்குள்ள யாரும்மா அது?" என்று பதறினார்.

"மாதுங்க. அடுத்தது அவன்தான்" என்றாள் மிக்கேலம்மாள், தன் மடையை மண் போட்டு அடைத்துக்கொண்டே.

லைன்மேன் தலையாட்டிவிட்டு மீட்டரைப் பார்க்கப் போனார்.