விழுந்த மரத்திலிருந்து இரண்டு தெரு

மேசைமேல் நிகரகுவா விரிந்து கிடந்தது. ஏரிகளுக்கு நீலப் பென்சில், எரிமலைகளுக்குச் சிவப்பு. எவரிஸ்தோ விடிந்ததிலிருந்து தீட்டிக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் படைக் கிடங்கில் சோளமூட்டை எண்ணியவர். இன்று மசாயா நகரமே அவரைக் கேப்டன் என்கிறது. ஊரைச் சுட்டிக்காட்டக் குச்சி போதாதென்று வெட்டரிவாளைப் பிடித்திருந்தார்.

அவருடைய தங்கை நூபியாவுக்குப் பொழுது சாய்வதற்குள் மகளை மீட்டாக வேண்டும். புருஷன் வில்மரோடு ஏரி நடுத் தீவில் குடியிருக்கும் அந்த மகள் யோர்லெனிஸ், முந்தின நாள் போனில் குழறினாள்: "ரெண்டு பல்லு போச்சும்மா. நாளைக்கு வில்மர் சேவச்சண்டைக்குப் போறான். வெளிய பூட்டிட்டுத்தான் போவான். அவன் வர்றதுக்குள்ள வாங்க." வீட்டு அடையாளம் ஒன்றுதான்: விழுந்துபோன இலவமரம் இருந்த இடத்திலிருந்து எரிமலைப்பக்கம் இரண்டு தெரு. அந்த நாட்டில் விலாசமே, இப்போது இல்லாமல் போன பொருளிலிருந்துதான் தொடங்கும்.

"அண்ணே, எட்டு மணிக்கு பஸ்சு."

"படையெடுப்புன்னா திட்டம் வேணும் நூபியா. திட்டமில்லாம போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல."

"நீங்க போனதே இல்லியே," என்றான் புளுதார்கோ, நூபியாவின் தங்கை புருஷன். "அந்த மரம் கோயில்கிட்ட இருந்துச்சு."

"கசாப்புக்கடைகிட்டடா."

"மூட்டையவே சரியா எண்ணத் தெரியாதவரு, மரத்த எங்க கண்டாரு!" தீவின்மேல் விரல்களை ஊன்றிக் காட்டினான்.

அரிவாள் இறங்கியது. இரண்டு விரல்கள் வரைபடத்திலேயே தங்கிவிட்டன. ஏரி சிவந்து தலைநகர்வரை பரவியது. புளுதார்கோ அலறினான். எவரிஸ்தோ வெளிறிப்போய்ப் பென்சிலைத் தேடினார்: "ஆஸ்பத்திரிக்கு எந்த வழி கிட்டன்னு மொதல்ல..."

நூபியா அடுப்பிலிருந்த காப்பிக் குண்டானை எடுத்து அவர் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கேப்டன் தரையில் உட்கார்ந்து, அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். துணியைக் கிழித்துப் புளுதார்கோவின் கையை இறுகக் கட்டி, இருவரையும் பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, அரிவாளைக் கையிலெடுத்தாள். எட்டு மணி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது பத்துக்கு.

தீவுக்குப் போகும் படகில் அவள் அரிவாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப்பேர் கையில் ஒன்று இருந்தது. வாழைக்காய் வறுவல் விற்றவளிடம் இலவமரம் எங்கே இருந்ததென்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல இருந்துச்சுக்கா. அது தெரியாதவங்க யாரு?"

கோயிலும் இல்லை, கசாப்புக்கடையும் இல்லை. நூபியாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்போது போன் அடித்தது. மகளின் எண்.

"அத்தை," என்றது ஆண்குரல், நிதானமாக. "என் சேவல் மொத ரவுண்டுலயே குடல் சரிஞ்சு செத்துருச்சு. வீட்டுக்கு வந்துட்டேன். உங்க பொண்ணு யார்கிட்டயோ போன்ல பேசிருக்கா போல."

"அவகிட்ட குடு."

அவன் கொடுக்கவில்லை, துண்டிக்கவும் இல்லை. எதையோ தரையில் இழுக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நூபியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படகின் முனைக்குப் போனாள். அலை முழங்கால்வரை அடித்தது. எதிரே தீவின் எரிமலை, கழுத்துவரை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஓரடிகூட நெருங்காமல் நின்றது.