மூடியில் எழுதிய 18

கிர்ரிலிக்குக் கோபம் வந்தால் ஆய்வுக்கூடத்துக் குழாய்கள் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கப்படும். அன்று காலை அந்தச் சத்தம் வெளியே போன டிராமின் மணியையே அமுக்கிவிட்டது.

"லோசலீன் ரத்தத்துல ஆன்டிபாடி சுத்தமா இல்ல. அவங்க பேரை எடுத்துடு. அஞ்சு மணிக்கு ஆய்வுல சேர்க்கறவங்க பட்டியல் போகுது" என்றார் தலைவர் ஆன்ஸெல்.

லோசலீன் முதியோர் இல்லத்துச் சமையல்காரி. ஜூன் மாதம் புருஷனும் இரண்டு மகள்களும் ஃப்ளூவில் சுருண்டு கிடக்க, அவளுக்கு மட்டும் ஒரே நாள் மூக்கொழுகல். இப்படிப்பட்டவர்களை எது காப்பாற்றுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் கிர்ரிலி மூன்று வருடமாக மாடாய் உழைக்கிறாள்.

"ஆன்டிபாடி வைரஸோட சட்டையைப் பாக்கும். அது வருஷா வருஷம் சட்டை மாத்துது. ரத்தத்துல டி செல்னு இன்னொரு காவல் இருக்கு, அது வைரஸுக்கு உள்ள இருக்கற எலும்பையே பாக்கும். வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப் பிடிச்சு அடிக்கும்" என்றாள் கிர்ரிலி.

"வாயால அடிச்சது போதும் தாயே. காட்டு."

காய்ச்சல் காலத்துக்கு முன்பே எடுத்த லோசலீனின் ரத்தம் உறைநிலையில் ஒரே ஒரு குழாய்தான் மீதி. கிர்ரிலி அதை உருக்கிச் செல்களை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியில் எதுவும் சேர்க்கவில்லை. மறு பாதியில், மூடியில் '18' என்று எழுதிய குப்பியிலிருந்து வைரஸ் புரதத் துண்டுகளை விட்டாள். நோய் தராத வெறும் துண்டுகள். ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

குப்பியைப் பெட்டியில் திருப்பி வைக்கப்போனவள் அங்கே இன்னொரு '18' இருப்பதைப் பார்த்தாள். இரண்டின் சீட்டையும் திருப்பிப் படித்தாள். வருடத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் எழுதுவது அந்தக் கூடத்தின் பழக்கம். அவள் எடுக்க நினைத்தது 2018. எடுத்தது 1918, உலகத்தையே வாரிக்கொண்டு போன அந்தப் பழைய ஃப்ளூ வைரஸ். லோசலீன் அதைக் கண்டிருக்க வழியே இல்லை.

நேரே ஆன்ஸெலிடம் போய்ச் சொன்னாள்.

"நாசமாப் போச்சு. பேரை எடுத்துடவா?"

"அஞ்சு மணி ஆகட்டும்" என்றாள்.

நாலேகாலுக்குத் திரையில் புள்ளிகள் விழுந்தன. வைரஸ் துண்டை அடையாளம் கண்டு விழித்துக்கொண்ட செல்லின் புள்ளி மட்டும் மேலே ஏறும். எதுவும் சேர்க்காத பாதியில் ஏறியவற்றை விரல் விட்டு எண்ணலாம். மறு பாதியில் ஒரு கூட்டமே ஏறி நின்றது.

ஆன்ஸெல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "2018ஐப் போட்டிருந்தா, அந்த வருஷம் வந்துட்டுப் போன ஃப்ளூதான்னு ஒதுக்கிருப்பேன். இதை எப்படி அவங்க செல்லுக்குத் தெரியும்?"

"வேற ஏதோ ஃப்ளூகிட்ட கத்துக்கிட்டது. சட்டைதான் மாறுச்சு. எலும்பு நூறு வருஷமா மாறல." கிர்ரிலிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"பேரு இருக்கட்டும். புது ரத்தம் வாங்கு, மறுபடியும் செஞ்சு பாக்கணும்."

போனில் லோசலீனின் குரலோடு பாத்திரச் சத்தமும் கேட்டது. "என்ன கண்ணு, என் ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னாங்களே?"

"பாக்க வேண்டிய இடத்துல பாக்கல. உங்களுக்கும் ஃப்ளூ வந்திருக்கணும். உங்க ரத்தத்துல இருக்கற டி செல் அதை ஒரே நாள்ல அடிச்சு விரட்டிருக்கு."

"அதைத்தான நான் அன்னிக்கே சொன்னேன்! வந்துச்சு, ஆனா என்னைப் படுக்கவைக்க முடியலன்னு. எழுதிக்கிட்டீங்களா, இல்லியா?"

கிர்ரிலி படிவத்தைப் புரட்டினாள். 'வந்தது', 'வரவில்லை' என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.