பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை

1

பூட்டு விழும் சத்தம் தினமும் கேட்டதுதானே, அன்றைக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும் என்று சுடர்விழி நினைத்தாள்.

இது என் நான்காவது தொடக்கம். முதல் மூன்றும் ஸ்பெயினில் தொடங்கின. ஒரு பயண இதழ் கட்டுரை கேட்டிருந்தது: ஸ்பெயினின் சியெஸ்தா என்னும் பகல் தூக்கமும் புதுச்சேரிக் கடைகளின் மதிய உறக்கமும். இதமாக இருக்கட்டும் என்றார்கள். ‘வெயிலுக்குப் பணிந்து கதவடைக்கும் ஊர்கள் நாகரிகமானவை’ என்று எழுதினேன்.* அந்த வரியை ரசித்துக்கொண்டே தூங்கப் போனேன். அன்றைக்குத்தான் இது நடந்தது.

* தூங்க வீட்டுக்குப் போனவர்கள் யார், உள்ளே இருந்தவர்கள் யார் என்று எழுதவில்லை.

2

ஜவுளிக்கடை. முதலாளி விஜயராகவன் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். பக்கத்துச் சாரத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சேதராப்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் இருவர் மட்டும் உள்ளேயே இருப்பார்கள்: சுடர்விழி, அவளைவிட இருபது வயது மூத்த அஞ்சலாட்சி. செல்போன்களைக் காலையிலேயே வாங்கி மேசைக்குள் பூட்டிவிடுவார்கள். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் உட்காரக் கிடைப்பது.

“என்னாக்கா, மூஞ்சி இப்பிடி வேத்துக் கொட்டுது?”

“ஃபேன நிறுத்திட்டுப் போயிட்டாரு, வேற என்னா. அந்தப் பொம்மையாண்ட சொல்லு, பொடவை கட்டிக்கினு சும்மாதான நிக்கிது, வந்து விசிறட்டும்.”

அஞ்சலாட்சி சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துணி விரித்துக் காட்டும் மெத்தையில் சாய்ந்தாள்.

சுடர்விழி ஷட்டரைத் தட்டினாள். கை வீங்கியதும் துணி அளக்கும் இரும்புக் கோலை எடுத்தாள். எதிரே மருந்துக்கடைகூட மூடியிருந்தது. மூன்று மணிக்கு அஞ்சலாட்சியின் விரல்கள்—

நான்கு மணிக்கு ஷட்டர் ஏறியது.

[இந்த இடத்தில் ‘தெருவில் யாருக்கும் கேட்கவில்லை’ என்று எழுதி, அடித்துவிட்டேன். எதிர் மாடியில் நான் இருந்தேன். எனக்குக் கேட்டது. தூங்குகிற நேரத்தில் என்ன மராமத்து வேலை என்று எரிச்சலோடு ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.]

3

பத்து நாள் கழித்து விஜயராகவன் சுடர்விழியிடம் ஒரு தாளை நீட்டினார். ஷட்டர் பூட்டப்படவில்லை, அஞ்சலாட்சி தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அதில் இருந்தது.

“ஒரு கையெழுத்துதாம்மா. போலீஸ்ல கேக்கறாங்க. போனவங்க திரும்பி வரவா போறாங்க? கடை இருந்தாதான உனக்கும் வேலை.”

இவ்வளவும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்; அவள் நினைத்ததை முதல் வரியில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அவளை என்ன செய்யவைப்பது என்று தெரியவில்லை. ஒரு பிரதியில் தாளைக் கிழித்தாள். அது அவள் இல்லை, நான் ஆசைப்படுகிற நான். ஒரு பிரதியில் பத்தாவது படிக்கும் மகளை நினைத்துக் கையெழுத்திட்டாள். அதை நம்ப முடிந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவளும் பொய் சொல்லிவிட்டால் நான் தனியாக இல்லை.

4

கடைசியில் நான் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய் அவளிடமே கொடுத்தேன்.

“மொதலாளிகிட்ட என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“முடியாதுன்னுட்டேன். நாளைலேர்ந்து வரவேணாம்னுட்டாரு.” டிபன் பையைத் தோளில் மாட்டியபடி படிக்கத் தொடங்கினாள். பொம்மை வரியில் உதடு லேசாக அசைந்தது. அடைப்புக்குறிக்கு வந்ததும் நிறுத்தினாள். முதல் வரிக்குத் திரும்பி மறுபடி அதுவரை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும்.

“அந்தப் பத்திய மட்டும் எடுத்துடட்டுமா?” என்றேன். “அது இல்லாமயே கதை நிக்கும். யாருக்கும் கேக்கலன்னே இருந்துட்டுப் போவட்டுமே.”

சேதராப்பட்டு பஸ் வந்து நின்றது. அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் வைத்தாள்.

“அந்தப் பத்தி இருக்கட்டுங்க்கா” என்றாள்.